சாம் மானெக்‌ஷாவும் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் சாலையில் வெலிங்டன் பக்கம் மானெக்‌ஷா பெயரில் ஒரு பாலம் இருக்கிறது. அதை ஒட்டி அவருக்குக் கருங்கல் சிலையும் உண்டு. பஸ்ஸில் போகிறவர்களில் பலருக்கு அவர் 1971 வங்கதேசப் போரின் தளபதி என்பது தெரியும். அந்தப் போருக்குப் பத்து வருடம் முன்னால் இதே வெலிங்டனில் அவருடைய வேலையே போகும் நிலை வந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. அப்போது அவர் இங்குள்ள ராணுவ அதிகாரிகள் கல்லூரியான ஸ்டாஃப் காலேஜுக்குத் தலைவர். அவரைப் பற்றிய கட்டுரைகளில் அந்த மூன்று வருடங்கள் பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடும். எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் சுவாரசியமான பகுதியே அதுதான். அதனால் இங்கே அதற்குக் கொஞ்சம் அதிக இடம்.

சாம் மானெக்‌ஷா யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் ஒரு பார்சி மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி 1932-இல் தொடங்கியபோது சேர்ந்த முதல் 40 பேரில் ஒருவர். அந்த ஒரே பேட்ச்சிலிருந்து பின்னாளில் மூன்று நாடுகளுக்கு ராணுவத் தளபதிகள் கிடைத்தார்கள்: இந்தியாவுக்கு மானெக்‌ஷா, பாகிஸ்தானுக்கு முகமது மூசா, பர்மாவுக்கு ஸ்மித் டுன். 1969 ஜூன் 8 முதல் 1973 ஜனவரி வரை மானெக்‌ஷா இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தார். தரைப்படையின் மிக உயர்ந்த பட்டமான ஃபீல்ட் மார்ஷலை இந்தியாவில் முதலில் பெற்றவரும் அவர்தான்.

ஸ்டாஃப் காலேஜ் என்பது என்ன? சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடமா?

இல்லை. வெலிங்டனில் இரண்டு பெரிய ராணுவ நிறுவனங்கள் இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையமும் இங்கேதான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த வீரர்கள் அணிவகுத்துப் பழகுவது அங்கே. பாதுகாப்புப் படைகள் ஸ்டாஃப் காலேஜ் வேறு. அங்கே படிக்க வருகிறவர்கள் ஏற்கெனவே பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள். தரைப்படையில் மேஜர், கடற்படையில் லெப்டினென்ட் கமாண்டர், விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர் என்ற அளவில் இருப்பவர்கள். நட்பு நாடுகளின் அதிகாரிகளும் வருவார்கள். துப்பாக்கி சுடுவது எப்படி என்று இவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட ஒரு பிரிகேடையோ, அதைவிடப் பெரிய டிவிஷனையோ நகர்த்த எத்தனை லாரி வேண்டும், எந்தச் சாலை தாங்கும், எதிரி எங்கே மறிப்பான், கட்டளையை எப்படி இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளாதபடி எழுதுவது என்பதெல்லாம்தான் பாடம்.

கிட்டத்தட்ட ஒரு வருடப் படிப்பு. முடிக்கிறவர்களுக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்ஸி. பட்டமும் கிடைக்கிறது. தரைப்படை அதிகாரிகள் கடும் போட்டித் தேர்வு எழுதித்தான் உள்ளே வர முடியும். இங்கே படித்தவர் என்ற அடையாளம் பதவி உயர்வில் கடைசிவரை கூட வரும்.

இந்தக் கல்லூரி நீலகிரிக்கு எப்படி வந்தது?

பிரிவினையால் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் ஸ்டாஃப் காலேஜ் 1905-இல் தேவ்லாலியில் தொடங்கி, 1907 முதல் குவெட்டாவில் நடந்தது. 1933-இல் அங்கே சேர்ந்த கரியப்பாதான் அதில் படித்த முதல் இந்திய அதிகாரி. 1947-இல் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியா புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. குளிர்ச்சியான பழைய கன்டோன்மென்ட், கட்டிடங்கள் தயார் என்று வெலிங்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். 1948-இல் வகுப்புகள் தொடங்கின. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் ஜப்பானியப் படைக்குப் பின்னால் ஊடுருவிச் சண்டை போட்டவை சிண்டிட் படைகள்; அவற்றின் தலைவர் விங்கேட் இறந்தபின் தலைமை ஏற்ற லென்டெய்ன்தான் முதல் கமாண்டன்ட், அதாவது கல்லூரித் தலைவர். அவர் 1955 வரை இருந்தார்.

சின்னத்தில் ஆந்தை ஏன்? நம் ஊரில் அது அபசகுனம் ஆயிற்றே?

மேற்கத்திய மரபில் ஆந்தை அறிவின் சின்னம். அந்த வழியில் வந்தது. கல்லூரியின் வாசகம் ‘யுத்தம் பிரக்ஞயா’, அதாவது அறிவோடு போர். படித்து முடித்தவர்கள் தங்களையே ஆந்தைகள் என்று சொல்லிக்கொள்வார்கள். சகுனம் பார்க்கிற யாரும் அதனால் பதவி உயர்வை வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

மானெக்‌ஷா போர்முனையில் சண்டை போட்டவரா, மேசை அதிகாரியா?

இரண்டும்தான். முதலில் போர்முனை. 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே ஜப்பானியப் படையை எதிர்த்து ஒரு கம்பெனியை நடத்தினார். பகோடா குன்று என்ற மேட்டைப் பிடித்த சமயத்தில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் வயிற்றில் பாய்ந்தன. இவர் பிழைக்க மாட்டார் என்று நினைத்த மேலதிகாரி கோவன், தன் மார்பிலிருந்த மிலிட்டரி கிராஸ் பட்டையைக் கழற்றி அவருக்குக் குத்திவிட்டார். செத்தவருக்கு அந்தப் பதக்கத்தைக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்பதுதான் அந்த அவசரத்துக்குக் காரணம்.

தூக்கிக்கொண்டு போனது அவருடைய ஆர்டர்லி ஷேர் சிங். அங்கிருந்த ஆஸ்திரேலிய அறுவைசிகிச்சை மருத்துவர், இவர் தேற மாட்டார் என்று முதலில் ஒதுக்கினாராம். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று மானெக்‌ஷா பதில் சொன்னதாகவும், இந்த நிலையிலும் கேலி பேசுகிறவனைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்று அவர் கத்தியை எடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை பலமுறை சொல்லிச் சொல்லிப் பளபளப்பாகிவிட்டது. உடம்பிலிருந்து ஏழு குண்டுகள் எடுத்ததாகச் சொல்வார்கள்.

அப்புறம் மேசை. 1943-இல் குவெட்டா ஸ்டாஃப் காலேஜில் படித்தார். பிரிவினையின்போது அவருடைய பழைய ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போனதால் கூர்க்கா அதிகாரி ஆனார். கூர்க்கா வீரர்கள் வைத்த ‘சாம் பகதூர்’ என்ற பெயர் நிலைத்தது. 1947 அக்டோபரில் காஷ்மீர் இணைப்பு விவகாரத்தில் வி.பி. மேனனுடன் ஸ்ரீநகர் போய் ராணுவ நிலவரத்தைப் பார்த்துவந்தவர் இவர்தான்.

அவர் ஒரு பட்டாலியனைக்கூட நடத்தியதில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. காலாட்படை அதிகாரிக்குப் பட்டாலியன், அதாவது சில நூறு வீரர்கள் கொண்ட படைப்பிரிவின் தலைமை என்பது கல்யாணம் மாதிரி. அது ஆகாமல் அடுத்த கட்டத்துக்குப் போவது அபூர்வம். அவருக்கு ஒரு கூர்க்கா பட்டாலியன் ஒதுக்கப்பட்டது. ஆனால் பொறுப்பு ஏற்பதற்குள் தலைமையகத்து ராணுவ நடவடிக்கைப் பிரிவிலேயே வைத்துக்கொண்டார்கள். 1952-இல் நேராக ஃபிரோஸ்பூரில் பிரிகேட் தளபதி ஆனார்.

கல்லூரி நடத்துவதில் முன் அனுபவம் இருந்ததா?

இருந்தது. 1950-களின் நடுவில் மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரிலுள்ள காலாட்படைப் பள்ளிக்குத் தலைமை தாங்கினார். அங்கே பயிற்சிக் கையேடுகள் பழசாகிக் கிடந்தன; அவற்றைத் திருத்தும் வேலையில் முன்னால் நின்றார். அதன்பின் லண்டனில் இம்பீரியல் டிஃபென்ஸ் காலேஜில் படிப்பு, ஜம்முவில் 26-வது டிவிஷனின் தலைமை, பிறகு 1959-இல் மேஜர் ஜெனரலாக வெலிங்டன்.

கமாண்டன்ட்டின் வேலை என்ன? பிரின்சிபால் மாதிரியா?

பிரின்சிபாலும் உண்டு, கோட்டைத் தலைவரும் உண்டு. பாடத்திட்டம், ஆசிரியர் தேர்வு, வெளியிலிருந்து பேச வருகிறவர்கள், மாணவர்களின் மதிப்பீடு எல்லாம் அவர் பொறுப்பு. வகுப்புகள் சிறு குழுக்களாக நடக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ‘டி.எஸ்.’ என்று அழைக்கப்படும் ஓர் ஆசிரிய அதிகாரி. ஒரு வரைபடத்தை விரித்து, எதிரி இங்கே, நீ அங்கே, என்ன செய்வாய் என்று கேட்பார். மேஜர் ஒருவர் எழுந்து திட்டம் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் அதைக் கிழிப்பார். டி.எஸ். இரண்டு பேரையும் கிழிப்பார்.

இது நடக்க வேண்டுமானால் பேச்சுச் சுதந்திரம் வேண்டும். மேலதிகாரிக்குப் பிடிக்குமா என்று யோசித்துப் பதில் சொல்கிற வகுப்பறையில் யாரும் எதையும் கற்க முடியாது. ராணுவத்தில் மற்ற இடங்களில் ‘யெஸ் சார்’ போதும், இங்கே போதாது. மானெக்‌ஷாவோ இயல்பிலேயே வாயை அடக்கத் தெரியாதவர். மெஸ்ஸில், விருந்தில், வகுப்பில் எங்கும் ஒரே மாதிரி பேசினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிலர் குறித்தும் வைத்துக்கொண்டார்கள்.

அவர் மேல் ஏன் விசாரணை வந்தது?

அன்றைய டெல்லியைக் கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் இது விளங்கும். பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன். 1959-இல் தலைமைத் தளபதி திம்மையா அவரோடு ஒத்துப்போக முடியாமல் ராஜினாமா கடிதம் கொடுத்து, நேரு பேசியதும் திரும்பப் பெற்றார். ராணுவ உயர்மட்டம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மேனனின் ஆதரவில் வேகமாக மேலே வந்தவர் பி.எம். கவுல். மானெக்‌ஷா அந்தப் பக்கம் சாயவில்லை. ஜம்முவில் இருந்தபோதே, உங்கள் தளபதியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மேனன் கேட்க, என் மேலதிகாரியைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்லக்கூடாது, நாளை எனக்குக் கீழே இருப்பவர்களிடம் என்னைப் பற்றியும் இதையே கேட்பீர்கள் என்று பதில் சொன்னதாகச் சொல்வார்கள். அமைச்சர் அதை மறக்கவில்லை.

1961-இல் திம்மையா ஓய்வு பெற்றார். அதன்பின் வெலிங்டன் கமாண்டன்ட் மேல் விசாரணை நீதிமன்றம் அமைத்தார்கள். தேசவிரோதப் போக்கு என்பது சாராம்சம். அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லும் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கிளைவ், வாரன் ஹேஸ்டிங்ஸ் போன்ற பழைய பிரிட்டிஷ்காரர்களின் படங்களைத் தன் அலுவலகத்தில் மாட்டியிருந்தார் என்பது ஒன்று. அரசியல் தலைமையைப் பற்றி மரியாதையில்லாமல் பேசினார் என்பது இன்னொன்று. ஆங்கிலேயப் பாணி நடை உடை, அலட்சியமான கேலி ஆகியவையும் அவருக்கு எதிராக நின்றன. எல்லாம் பேச்சு. பணம் கையாடினார், கல்லூரியைக் கெடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை.

அவர் பக்கம் தவறே இல்லையா என்று கேட்டால், கொஞ்சம் இருந்தது என்றே சொல்வேன். இளம் அதிகாரிகள் நிறைந்த இடத்தில் தலைவர் அடிக்கும் ஒவ்வொரு ஜோக்கும் கொள்கையாகக் கேட்கப்படும். சீருடையில் இருப்பவர் அமைச்சர்களைப் பற்றி மெஸ்ஸில் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்ற எல்லை உண்மையிலேயே முக்கியமானது. ஆனால் அதற்கு ஒரு கண்டிப்புக் கடிதம் போதும். தேசவிரோதி பட்டம் வேறு கணக்கு.

விசாரணையில் என்ன ஆயிற்று?

விசாரணையை நடத்தியவர் மேற்குப் பிராந்தியத் தளபதி லெப்டினென்ட் ஜெனரல் தௌலத் சிங். நேர்மைக்குப் பெயர் போனவர். சாட்சிகளை விசாரித்து, குற்றச்சாட்டில் ஒன்றும் இல்லை என்று தீர்ப்பளித்தார். ஆனாலும் மானெக்‌ஷா மேலே போகும் வழி அடைபட்டே கிடந்தது. 1962 அக்டோபரில் சீனப் போர் தொடங்கியபோது, நாட்டின் அனுபவம் மிக்க காலாட்படைத் தளபதிகளில் ஒருவர் நீலகிரியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

பிறகு எப்படி மீண்டு வந்தார்?

போரில் கிடைத்த அடி அவருக்குக் கதவைத் திறந்தது. நவம்பர் தொடக்கத்தில் கிருஷ்ண மேனன் பதவி விலகினார். இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் தவாங், சே லா, பொம்டி லா என்று வரிசையாக விழுந்தன. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான, அஸ்ஸாமின் தேஜ்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நான்காம் கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை) தளபதி கவுல். போர் நின்றதும் கவுல் விலக, அந்த நாற்காலிக்கு அனுப்பப்பட்டவர் மானெக்‌ஷா.

தேஜ்பூரில் அவர் முதலில் சொன்னது, எழுத்துமூலம் ஆணை இல்லாமல் யாரும் பின்வாங்கக் கூடாது, அந்த ஆணை ஒருபோதும் வராது என்பது. கட்டளையை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளாதபடி எழுது என்று வெலிங்டனில் சொல்லித் தருவார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தோற்று ஓடிவந்த படைக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

அடுத்த வருடம் இன்னொரு திருப்பம். 1963 நவம்பரில் பூஞ்ச் அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் தௌலத் சிங் இறந்தார். அவருக்குப் பின் மேற்குப் பிராந்தியத் தளபதியாக வந்தவர் மானெக்‌ஷா. ஆக, ஆகாதவருடைய நாற்காலியும், நீதி வழங்கியவருடைய நாற்காலியும் ஒன்றரை வருடத்துக்குள் அவருக்கே வந்தன. 1964-இல் கல்கத்தாவில் கிழக்குப் பிராந்தியம். வங்கதேச எல்லையின் ஆறுகளும் சேறும் அவருக்குப் பழகியது அங்கேதான்.

1971-இல் இந்திரா காந்தியிடம் போருக்கு மறுத்தாராமே?

ஏப்ரலில் போருக்குப் போகச் சொன்னபோது, இப்போது வேண்டாம், மழைக்காலம் வரப்போகிறது, இமயக் கணவாய்கள் திறந்திருக்கின்றன, டாங்கிகள் தயாராக இல்லை, இப்போது போனால் தோல்வி நிச்சயம் என்று சொல்லி, வேண்டுமானால் ராஜினாமா செய்கிறேன் என்றாராம். இது அவரே பல மேடைகளில் சொன்னது. சொல்லும்போதெல்லாம் அரங்கம் அதிரும். அரசியல் தலைமையே அவசரப்படுகிற மனநிலையில் இல்லை, அகதிகள் விவகாரத்தில் உலக நாடுகளின் ஆதரவைத் திரட்ட அதற்கும் நேரம் தேவைப்பட்டது என்று சில வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களைக் காட்டி வாதிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் உண்மை இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. டிசம்பர் 3 அன்று தொடங்கிய போர் 16 அன்று டாக்காவில் முடிந்தது. சுமார் 93,000 பேர் சரண். இதில் பொதுமக்களும் சேர்த்தி.

இதில் ஒரு கிளைக்கதை. எதிர்ப்பக்கம் பாகிஸ்தான் அதிபராக இருந்த யாஹ்யா கான், 1947-இல் டெல்லியில் மானெக்‌ஷாவோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். மானெக்‌ஷாவின் மோட்டார் சைக்கிளை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போனவர் பணம் அனுப்பவேயில்லை. அந்த ஆயிரத்துக்குப் பதிலாகப் பாதி நாட்டைக் கொடுத்துவிட்டார் என்று மானெக்‌ஷா கேலி செய்வார்.

சரணாகதியை வாங்க அவர் டாக்கா போகவில்லையே?

போகவில்லை. அது கிழக்குப் பிராந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோராவின் வேலை என்று அவரை அனுப்பினார். பாகிஸ்தான் தளபதி நியாசி கையெழுத்துப் போடும் அந்தப் பிரபலமான படத்தில் மானெக்‌ஷா இல்லாததற்குக் காரணம் அதுதான்.

இவரைப் ‘ஓய்வு பெற்ற ஜெனரல்’ என்று சொல்வது சரியா?

பேச்சுவழக்கில் சரி. விதிப்படி ஃபீல்ட் மார்ஷல் ஓய்வு பெறுவதில்லை. சாகும்வரை பணிப்பட்டியலில் இருப்பார். 1973 ஜனவரியில் அந்தப் பட்டம் கிடைத்து, அதே மாதம் 15-ஆம் தேதி பொறுப்பிலிருந்து விலகினார். ஆனால் அந்தப் பதவிக்குரிய சம்பளத்தைப் பல வருடம் யாரும் கவனிக்கவில்லை. நிலுவை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்து, 2007-இல்தான் காசோலை கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 93.

தமிழ்நாட்டுக்காரர் யாராவது இப்படி ஒரு ராணுவக் கல்லூரியை நடத்திப் பேர் வாங்கியிருக்கிறாரா?

கிருஷ்ணசாமி சுந்தர்ஜி. செங்கல்பட்டில் பிறந்தவர். 1980-களின் தொடக்கத்தில் மாவ் நகரிலிருந்த காலேஜ் ஆஃப் காம்பாட்டுக்குத் தலைமை தாங்கினார். இப்போது அதன் பெயர் ராணுவப் போர்க் கல்லூரி. இந்தியாவிடம் அணுகுண்டு வேண்டுமா என்று வாய்விட்டுப் பேசவே தயங்கிய காலத்தில், அதிகாரிகளுக்கும் நிபுணர்களுக்கும் கேள்விகள் அனுப்பி, பதில்களைத் தொகுத்துக் கல்லூரியிலிருந்தே வெளியிட்டார். 1986 முதல் 1988 வரை தலைமைத் தளபதி. அவருடைய ராணுவ முடிவுகள் பலவற்றைப் பற்றி இன்னும் சண்டை நடக்கிறது. அது தனிக் கதை. கல்லூரி விஷயத்தில் மட்டும் சொன்னால், கமாண்டன்ட் நாற்காலி கொடுக்கும் சுதந்திரத்தை மானெக்‌ஷா பேச்சில் செலவழித்தார், சுந்தர்ஜி காகிதத்தில் சேமித்தார். பின்னதுதான் பாதுகாப்பானது போல.

2021 ஹெலிகாப்டர் விபத்துக்கும் இந்தக் கல்லூரிக்கும் என்ன தொடர்பு?

முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து கிளம்பியது இந்தக் கல்லூரியில் உரையாற்றத்தான். அவரும் இங்கே படித்தவர். காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது. சில நிமிடப் பறப்பே பாக்கி இருந்தது. வீட்டுப் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடிவந்தவர்கள் அந்தக் குடியிருப்பு மக்கள். அன்று உயிரோடு மீட்கப்பட்டு ஒரு வாரத்தில் இறந்த குரூப் கேப்டன் வருண் சிங் இந்தக் கல்லூரியின் டி.எஸ்.

கல்லூரியைச் சுற்றிப் பார்க்கலாமா?

முடியாது. ராணுவ வளாகம்; அனுமதி இல்லாமல் உள்ளே போக இயலாது. சாலையிலிருந்தும், வெலிங்டன் ஸ்டேஷனைக் கடக்கும் மலை ரயிலிலிருந்தும் பார்ப்பதோடு சரி.

மானெக்‌ஷா கடைசிக் காலத்தில் ஏன் நீலகிரிக்கே வந்தார்?

பதவியில் இருந்தபோதே குன்னூரில் வீடு கட்டத் தொடங்கிவிட்டார். பெயர் ‘ஸ்டாவ்கா’, ரஷ்ய மொழியில் போர்த் தலைமையகம் என்று பொருள். தேசவிரோதி என்று விசாரணைக் கூண்டில் நிறுத்தப்பட்ட ஊருக்கு மூன்று கிலோமீட்டர் பக்கத்தில் ஒருவர் மிச்ச வாழ்நாளைக் கழிக்க முடிவு செய்ததில் அவருடைய குணம் கொஞ்சம் தெரிகிறது. தோட்டம் போட்டார். முப்பத்தைந்து வருடம் இருந்தார். கல்லூரி மாணவர்களுக்கு அவர் பேச வருவது பாடத்திட்டத்தில் இல்லாத பாடமாக இருந்தது.

2008 ஜூன் 27 அன்று, நள்ளிரவு தாண்டியதும், வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். வயது 94. இறுதிச் சடங்குக்கு ஜனாதிபதியோ பிரதமரோ வரவில்லை. முப்படைத் தளபதிகளும் வரவில்லை. மத்திய அரசு சார்பில் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் வந்தார். நாடு முழுவதும் இதைப் பற்றிப் பத்திரிகைகள் கோபமாக எழுதின. ஊட்டி பார்சி கல்லறைத் தோட்டத்தில், 2001-இல் இறந்த மனைவி சில்லூவின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.